மூத்ததம்பி திருப்பி வாங்கிய குளிசைகள்

திருகோணமலையில் துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில் கலீலுர் றஹ்மான் முதலாளியின் மருந்துக்கடை இருந்தது. மூத்ததம்பி அங்கே பதினாறு வருடம் மருந்து கலந்தார், விற்றார். கடையில் உட்கார இருந்த ஒரே கதிரை, மருந்துக்கு வரும் வருத்தக்காரருக்கு. காலை எட்டு மணிக்கு மேசைக்குப் பின்னால் நின்றாரென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கால் மடக்குவார். நின்ற இடத்திலும் சும்மா நிற்கமாட்டார். போத்தல்களைத் துடைப்பார், லேபல்களை நேராக்குவார், ஒன்றுமே இல்லாவிட்டால் மேசை விளிம்பை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். "இந்த மனிசனுக்கு ஆரோ சாவி குடுத்து விட்டிருக்கினம்" என்று அவருடைய மனைவி கனகம்மா சொல்லுவா.

சாம்பல்தீவில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில், பதினாறு வயதில், வெள்ளைக்காரரின் கடற்படை ஆசுபத்திரியில் போத்தல் கழுவப் போனார். கழுவிய கை கொஞ்சம் கொஞ்சமாக நிறுக்கவும் கலக்கவும் பழகியது. லேபலை மட்டும் நம்பாமல், திறந்த தூளை நாக்கு நுனியில் ஒருமுறை வைத்துப் பார்ப்பது அங்கே பிடித்துக்கொண்ட வழக்கம். நஞ்சு அலுமாரியில் இருப்பவை தவிர, மற்ற எந்த மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் கடற்படை போகவில்லை. ஐம்பத்தேழில்தான் போனது, போகும்போது அவருடைய வேலையும் போனது. சோதனை எழுதி எடுத்த அத்தாட்சி ஒன்று கையில் இருந்தது. அரிசியும் சாக்கும் விற்றுக்கொண்டிருந்த கிண்ணியாக்காரர் கலீலுர் றஹ்மான் ஒரு மருந்துக்கடை போட ஆசைப்பட்டார். அவருக்கு மருந்து தெரியாது, மூத்ததம்பிக்கு வியாபாரம் தெரியாது. இருவருக்கும் ஒத்துப்போனது.

எழுபத்து நாலாம் ஆண்டு எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை. சோற்றுக்குப் பதில் மரவள்ளி. மருந்துக்கும் அதே கதிதான். டொக்டர்மார் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுப்பதைக் கொண்டு சனம் கடைக்கு வரும். மூத்ததம்பி துண்டை வாசிப்பார், அலுமாரியைத் திரும்பிப் பார்ப்பார், "இல்லை" என்பார். ஒரு நாளில் அந்த ஒரு சொல்லை அறுபது எழுபது முறை சொல்லவேண்டியிருந்தது. சிலர் நம்பாமல் அங்கேயே நின்றார்கள். ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சோமசேகரம் வந்தான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குத் தண்ணீரும் மரக்கறியும் ஏற்றிக் கொடுக்கும் ஒரு முகவரிடம் கிளாக்கராக இருந்தவன். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஆவணி மாதத்தில் ஒரு நாள் துணிப்பைக்குள்ளிருந்து ஒரு தகர ரின்னை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளே பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான டெட்ராசைக்கிளின் குளிசைகள், ஐந்நூறு. நெஞ்சுச் சளிக்காய்ச்சலுக்கும் ஆறாத புண்ணுக்கும் டொக்டர்மார் எழுதிவிட்டு, கிடைக்காது என்று தாங்களே சொல்லி அனுப்பும் அதே மருந்து.

"கப்பலில வந்தது. ஆரிட்டையும் சொல்லாதேயுங்கோ" என்றான்.

அனுமதியில்லாமல் வந்த சாமான் என்பது மூத்ததம்பிக்கும் முதலாளிக்கும் தெரியும். மூத்ததம்பி ஒரு குளிசையைப் பிரித்து நாக்கில் வைத்தார். பல் கூசும் கசப்பு. நல்ல மருந்து. முதலாளியைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த ரின் முடியுமட்டும் அந்த மருந்துக்கு அவர் "இல்லை" என்று சொல்லவில்லை. அந்த இரண்டு மாதமும் அவர் மேசையைத் தட்டவில்லை என்று கனகம்மா பிறகு நினைத்துப் பார்த்துச் சொன்னா.

கார்த்திகையில் இரண்டாவது ரின் வந்தது. அதே நிறம், அதே லேபல், மூடியில் அதே முத்திரை. அன்றைக்குப் பெருமழை. நனைந்த சனம் கடை நிறைய நின்றது. மூத்ததம்பி மூடியைத் திறந்து அப்படியே எண்ணிக் கொடுக்கத் தொடங்கினார். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

தை மாதம் ஒரு காலை, கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் நஜ்முன் நிஸா. முந்தானைக்குள்ளிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்தாள்.

"ஐயா, எங்கட மச்சான் முத்தலிப்புக்கு மார்கழியில இங்கதான் குளிசை வாங்கினது. வலைக்காரர். ஞாபகம் இருக்கா?"

மூத்ததம்பிக்கு ஆட்களின் பெயர் நிற்காது, வருத்தம் நிற்கும். "ஓம், நெஞ்சுச் சளிக்காய்ச்சல். வலப்பக்கம் குத்துது எண்டு கையை வைச்சுக்கொண்டு வந்தவர். இப்ப எப்பிடி?"

"அவர் மௌத்தாகிட்டார் ஐயா. குளிசை குடிக்கத் தொடங்கி ஆறாம் நாள்." அவள் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். "ராத்தா இத்தாவில இருக்கிறா, நாலு மாசத்துக்கு வெளியில வர ஏலாது. மிஞ்சின குளிசையை என்னட்டக் குடுத்துவிட்டா. ஆசுபத்திரியிலயும் இல்லாத மருந்து, வீணாப் போகப்படாது, வேற ஒரு வருத்தக்காரருக்கு உதவட்டும் எண்டு சொன்னா."

ராத்தா என்றது அவளுடைய அக்கா, முத்தலிப்பின் மனைவி சித்தி பரீதாவை. மூத்ததம்பி பொட்டலத்தைப் பிரித்தார். ஐந்து குளிசைகள் இருந்தன. கிண்ணியாப் பாதையில், அந்த மிதவைப் படகில், தண்ணீரைக் கடக்கும்போது தூவானம் பட்டிருக்கவேண்டும், ஒன்று இளகி வெடித்திருந்தது. மஞ்சள் தூள் கடதாசியில் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்த விரல் பழக்கத்தில் வாய்க்குப் போனது.

கசப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தார். குசினி வாசம் அடித்தது. பச்சை மாவும் மஞ்சளும்.

"தங்கச்சி, கொஞ்சம் இருங்கோ" என்று கதிரையைக் காட்டிவிட்டு, பக்கத்து வெற்றிலைக் கடைக்குப் போய் விரலில் சுண்ணாம்பு வாங்கி வந்தார். தூளில் தொட்டார். தொட்ட இடம் ஆலாத்தித் தண்ணீர்போலச் சிவந்தது. ரின்னில் மிச்சமிருந்த குளிசைகளில் ஒன்றைப் பிரித்தார், சிவந்தது. இன்னொன்று, அதுவும் சிவந்தது. முதல் ரின்னில் வீட்டுக்கென்று எடுத்து வைத்த இரண்டு குளிசை மேசை லாச்சிக்குள் கிடந்தன. அதில் ஒன்றைப் பிரித்துச் சுண்ணாம்பு வைத்தார். தூள் மஞ்சளாகவே கிடந்தது.

"என்ன ஐயா செய்யிறீங்க?" என்று நஜ்முன் நிஸா கேட்டாள்.

"ஒண்டுமில்லை. அக்காவுக்குச் சொல்லுங்கோ, நான் வந்து கதைக்கிறன் எண்டு." அன்று அவரால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

முதலாளி வந்ததும் மேசையில் கிடந்த சிவப்புக் கறைகளைக் காட்டினார். கலீலுர் றஹ்மான் கதவைப் பாதி சாத்தினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. 

"அண்ணே, எத்தினை பேருக்குக் குடுத்திருப்பீங்க?"

"நாற்பது பேருக்கு மேல."

"மிச்சத்தைக் கடலுக்குள்ள போடுவம். சோமசேகரத்தை இனி இந்தப் பக்கம் விடப்படாது. நடந்தது நடந்து போச்சு."

"மிச்சத்தைப் போடலாம் முதலாளி. வித்ததை என்ன செய்யிறது?"

"அதை இனி என்ன செய்ய ஏலும்?"

"வீடுகளில கிடக்கும். ஆக்கள் இப்பவும் குடிச்சுக்கொண்டிருப்பினம். நான் போய்த் திருப்பி எடுக்கிறன்."

"பைத்தியமா உங்களுக்கு? ஊரெல்லாம் நீங்களே போய்ச் சொல்லப் போறீங்களா?"

மூத்ததம்பி சைக்கிளை எடுத்துவிட்டார்.

வாங்கியவர்களின் விலாசம் எங்கும் எழுதி இருக்கவில்லை. டொக்டரின் துண்டுகளை ஆட்களே திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள். இருந்தது ஞாபகம் மட்டும். உப்புவெளியில் திருக்கை முள் குத்தின கால். சீனன்குடாவில் இரவெல்லாம் இருமும் பெண். கந்தளாயிலிருந்து வந்த, மண்வெட்டி பட்ட புண். இப்படி வருத்தத்தைச் சொல்லித்தான் வீடு வீடாக விசாரித்தார். மூன்று கிழமை கடைக்குப் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் ஒரு முகம் ஞாபகம் வரும், எழுந்து கை கழுவுவார். "இஞ்சாருங்கோ, அந்தக் கவளத்தையாவது விழுங்கிப்போட்டுப் போங்கோ" என்று கனகம்மா படலைவரை வந்து சத்தம் போட்டும் பலனில்லை.

உப்புவெளி வேலனுக்குக் கால் ஆறியிருந்தது. மணலில் காலை ஊன்றிக் குதித்துக் காட்டினான்.

"ஐயா, உங்கட குளிசைதான் என்னை நடக்க வைச்சது. அதைப் போய்த் தா எண்டுறீங்களே!"

"அது மா வேலன். உன்ர கால் தானா ஆறினது."

"மா குடிச்சே ஆறுமெண்டா நான் ஏன் உங்களிட்ட வாறன்?"

மூத்ததம்பி அவன் மடியிலிருந்த வெற்றிலைப் பையைக் கேட்டு வாங்கி, ஒரு குளிசையைப் பிரித்துச் சுண்ணாம்பு தடவினார். வேலன் அந்தச் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் போய் மிச்சம் மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தான். "ஆறு குளிசை மாமிக்குக் குடுத்தனான்" என்றான் மெல்ல. மாமி இருந்தது சாம்பல்தீவில். மூத்ததம்பி சைக்கிளைத் திருப்பினார். எல்லா இடமும் இப்படித்தான். அரிய மருந்து என்று ஆட்கள் பங்கு போட்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்குப் போனால் அது இன்னும் இரண்டு வீட்டைக் காட்டியது.

கந்தளாயில் குளக்கட்டுக்குக் கீழே குணமணி என்ற பெண் தன் றங்குப்பெட்டியைத் திறக்க மறுத்தா. புருசனின் கால் புண்ணுக்கு வாங்கியதில் பாதியைக் கொடுத்துவிட்டு, பாதியைப் பூட்டி வைத்திருந்தா.

"வீட்டில ஒரு நல்ல மருந்து கிடக்குது எண்ட தைரியத்திலதான் இருக்கிறம். அதையும் கொண்டு போகப் போறீங்களா?"

சுண்ணாம்பு வைத்துக் காட்டியபோது அவ அழவில்லை, கோபப்படவுமில்லை. பெட்டியைத் திறந்து பொட்டலத்தை அவர் கையில் வைத்தா. "அப்ப நல்லதைத் தாங்கோ" என்றா.

அவரிடம் நல்லது இல்லை. லாச்சியில் இருந்த கடைசிக் குளிசையைச் சீனன்குடாப் பெண்ணுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தார், ஒன்றைக் கொடுத்து என்ன பயன் என்று தெரிந்தும். குணமணியின் புருசன் பாயில் கிடந்தான், புண் கறுத்து நாறத் தொடங்கியிருந்தது. மூத்ததம்பி ஒரு மாட்டு வண்டி பிடித்து அவனை ஏற்றி, ஆசுபத்திரி வாசலில் டொக்டர் வருமட்டும் நின்றார். இரண்டு விரலை வெட்டினார்கள். கால் தப்பியது. "இன்னும் ரெண்டு நாள் அந்தக் குளிசையை நம்பிக் கிடந்திருந்தா முழுக் காலும் போயிருக்கும்" என்றார் டொக்டர்.

கிண்ணியாவைத்தான் அவர் கடைசிவரை தள்ளிப்போட்டார். ஒரு வெள்ளி பின்னேரம், வேறு போக இடமில்லாமல் போனபோது, மிதவைப் பாதையில் ஏறினார்.

முத்தலிப்பின் வீட்டு முற்றத்தில் வலை இன்னும் கம்பத்தில் தொங்கியது. நஜ்முன் நிஸா வெளியே ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை. வாசலில் சேலையால் திரை கட்டியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து சித்தி பரீதாவின் குரல் வந்தது.

"இருங்க ஐயா. என்னமோ கதைக்க வேணும் எண்டீங்களாம்."

அவர் திரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். முதல் ரின், இரண்டாவது ரின், மழை, தான் நாக்கில் வைத்துப் பார்க்காதது, மா, மஞ்சள்.  கோழி ஒன்று அவர் காலடியில் வந்து கொத்திவிட்டுப் போனது.

"நேரந் தவறாமக் குடிச்சவர்" என்றது குரல். "விழுங்க ஏலாம இருந்த நேரமும் நான்தான் தலையைத் தூக்கிப் பிடிச்சுக் குடுத்தனான். இதைக் குடிச்சாச் சரியாகும் எண்டு சொல்லிச் சொல்லிக் குடுத்தனான்."

"தங்கச்சி…"

"நல்ல மருந்து எண்டா இருந்திருப்பாரா?"

"இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"அல்லாஹ்ட நாட்டம் எண்டு மனசைத் தேத்தி வச்சிருந்தன் ஐயா. மருந்தும் குடுத்தாச்சு, துஆவும் கேட்டாச்சு, அதுக்கு மேல நம்மட கையில இல்லை எண்டு. இனி நான் எப்பிடித் தேத்துற?"

 கதிரையின் முதுகைப் பிடித்திருந்த மூத்ததம்பியின் விரல்கள் தட்டத் தொடங்கின, அவர் மற்றக் கையால் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"இதைக் கொண்டு வந்தவன் ஆர்?"

சொன்னார்.

"பொலிசில சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"அப்ப முதல்ல எங்க போயிருக்க வேணும் நீங்க? இங்கயா, அங்கயா?" குரல் உயரவில்லை. "நான் உள்ளுக்க இருக்கிறவ. எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

பாதையில் திரும்பும்போது மற்றவர்கள் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை இறங்குதுறையில் சோமசேகரத்தைப் பிடித்தார். கப்பலுக்கு ஏறும் பூசணிக்காய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டாவது ரின் எங்க எடுத்தது?"

சோமசேகரம் சுற்றிப் பார்த்தான். "அண்ணை, மெல்லக் கதையுங்கோ. முதல் ரின் தந்த கப்பற்காரன் திரும்பி வரேல்ல. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீங்கள். கொழும்பில ஒருத்தனிட்ட இருந்தது. வாங்கினன்."

"உள்ளுக்க என்ன இருக்குது எண்டு கேட்டனியா?"

"கேக்கேல்ல." அவன் சட்டைப்பைப் பேனாவைத் திருகினான். பிறகு தலை நிமிர்ந்து, "நீங்களும் பாக்கேல்லத்தானே அண்ணை?" என்றான்.

அந்த ஒரு கேள்வியை வாழ்நாள் முழுக்க அவர் யாரிடமும் மறைக்கவில்லை. கனகம்மாவுக்கும் சொன்னார், நீதவானுக்கும் சொன்னார். அன்று நேரே பொலிசுக்கு நடந்தார், திருப்பி எடுத்த குளிசைகள் நிறைந்த இரண்டு ஹோர்லிக்ஸ் போத்தல்களோடு.

வாக்குமூலம் எழுதிய அதிகாரி நடுவில் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "இதை எழுதினா முதல்ல மாட்டுறது நீங்கள். விளங்குதா? களவாக வந்த மருந்தை வித்தது நீங்கள், உங்கட முதலாளி."

"விளங்குது. எழுதுங்கோ."

பொலிசார் தேடிப் போனபோது சோமசேகரத்தின் அறை பூட்டிக் கிடந்தது. முகவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கொழும்பில் இருந்தவன் யாரென்று கடைசிவரை தெரியவரவில்லை. ஆகவே ஆனி மாதம் வழக்கு வந்தபோது கூண்டில் நின்றது இரண்டே பேர். முதலாளிக்கு மருந்தைப் பற்றி எதுவும் தெரியாது, எல்லாம் வேலைக்காரர் பார்த்தது என்று அவருடைய சட்டத்தரணி வாதாடினார். அது பாதி உண்மை என்பதால் மூத்ததம்பி மறுக்கவில்லை. குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டபோது "குற்றவாளி" என்றார்.

இத்தா முடிந்த சித்தி பரீதா சாட்சி சொல்ல வந்திருந்தா. மூத்ததம்பி அவவின் முகத்தை முதன்முதல் பார்த்தது அன்றுதான். முப்பத்தைந்து வயதிருக்கும். அவரைப் பாராமல் நீதவானைப் பார்த்துச் சொன்னா.

"இந்த ஐயா வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்கு இது தெரியும். வராம இருந்திருந்தா இண்டைக்கும் தெரியாது. பொய் சொல்லேல்ல அவர். ஆனா அவர் தந்த குளிசையத்தான் எங்கட ஆள் குடிச்சது. ரெண்டும் உண்மை. எழுதிக்கொள்ளுங்க."

மூத்ததம்பிக்கு மூன்று மாதம் மறியல். இனி மருந்து தொடக்கூடாது என்று அத்தாட்சியையும் பறித்தார்கள். முதலாளிக்குத் தண்டம். அவரைச் சிறையில் பார்க்க வந்த கலீலுர் றஹ்மான் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். "அண்டைக்கு நான் சொன்னபடி ரின்னைக் கடலில போட்டிருந்தா நீங்க இங்க இருக்க மாட்டீங்க அண்ணே" என்றார்.

"ஓம் முதலாளி. கந்தளாய் மனிசன்ர காலும் இருக்காது."

வெளியே வந்த பிறகு மீன்வாடி ஒன்றில் ஐஸ் நிறுக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, கை எப்போதும் விறைத்திருக்கும். கனகம்மா இடியப்பம் அவித்து விற்றா. நாற்பதுக்கு மேற்பட்டவர்களில் முப்பத்தொரு பேரை அவர் கண்டுபிடித்திருந்தார். மற்றவர்கள் யார், என்ன ஆனார்கள் என்பது தெரியவில்லை. பஸ் நிலையத்தில் யாராவது இருமினால் கிட்டப் போய் முகத்தைப் பார்ப்பார். புல்மோட்டையில் மணல் தோண்டும் இடத்தில் வேலை செய்த ஒருவன் பத்துக் குளிசை வாங்கினது திடீரென்று ஒரு நாள் ஞாபகம் வந்து, ஐஸ் தராசை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினார். அவன் வேலையை விட்டு ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

எழுபத்தேழில் ஆட்சி மாறிய பிறகு காலம் மாறியது. சாமான் தாராளமாக இறங்கியது. மருந்துக்கடைகள் வண்ண வண்ணப் பெட்டிகளால் நிறைந்தன. கடையில்லாதவர்களும் பலசரக்கோடு சேர்த்துக் குளிசை விற்றார்கள். ஒரே மருந்து ஐந்து பெயரில், ஐந்து நிறத்தில் வந்தது. மீன்வாடிக்குச் சனம் வரத் தொடங்கியது. "மறியலுக்குப் போன மருந்துக்காரர்" என்று விசாரித்துக்கொண்டு வந்து, சேலைத்தலைப்பிலும் சட்டைப்பையிலும் இருந்து குளிசைகளை எடுத்து நீட்டினார்கள். இது நல்லதா ஐயா, பாருங்கோ. அவர் பெரும்பாலும் ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுவார். மருந்து தொடக்கூடாது என்பது உத்தரவு. ஆனாலும் அவர்கள் போன பிறகு வேலை ஓடாது. பெட்டிகளை எண்ணுவதில் பிழை விடுவார்.

அவர் எண்பத்திரண்டாம் ஆண்டு, மாரி தொடங்கும் நேரம், காலமானார். அதற்கு இரண்டு வருடம் முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

றம்லா என்று ஒரு பள்ளிக்கூட ரீச்சர். அவவின் தாய்க்குப் பிறஷர். வழக்கமாக வாங்கும் குளிசை தீர்ந்து, சந்தையடிக் கடையொன்றில் பாதி விலைக்குக் கிடைத்ததை வாங்கியிருந்தா. வெள்ளைக் குளிசை, பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டது, லேபல் இல்லை. வாங்கிய பிறகு மனம் கேட்காமல் மீன்வாடிக்கு வந்தா. மூத்ததம்பி அனுப்பிவிடத்தான் பார்த்தார். ரீச்சர் நகரவில்லை. கடைசியில் ஒன்றைப் பொடித்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடி நின்றார். 

"கசக்குது" என்றார். "ஆனா இப்ப கசப்பையும் போடத் தெரியும் அவங்களுக்கு. எனக்குத் தெரியேல்ல பிள்ளை."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது. அண்டைக்கு மாவும் மஞ்சளும். அது சுண்ணாம்புக்குப் பிடிபட்டது. இது பிடிபடாது." அவர் விரலில் ஒட்டிய பொடியைத் துடைத்தார். "மருந்தை நிப்பாட்டவும் சொல்ல மாட்டன். நல்ல மருந்தெண்டா, என்ர கதையைக் கேட்டு நிப்பாட்டினதால அம்மாவுக்கு ஏதும் நடந்திடும். கிழமைக்கு ஒருக்கா ஆசுபத்திரியில பிறஷரைப் பாருங்கோ. ஏறினா உடனே டொக்டரிட்டச் சொல்லுங்கோ. எனக்கு ஆறு குளிசை தாங்கோ."

அந்த ஆறு குளிசைகளோடு அவர் கொழும்புக்குப் போனார். அரசாங்கம் மருந்து சோதிக்கும் இடம் எதுவென்று விசாரித்துக் கண்டுபிடிக்கவே ஒரு பகல் போனது. ஒரு அலுவலகம் இன்னொன்றுக்கு அனுப்பியது. விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள், எழுதினார். வியாபாரியா என்று கேட்டார்கள், இல்லை என்றார். வருத்தக்காரரா, இல்லை. அப்படியென்றால் நீங்கள் யார்? "முந்தி மருந்து வித்தனான்" என்றார். கடைசியில் ஒரு பெண் உத்தியோகத்தர் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டா.

ஐந்து மாதம் பதில் வரவில்லை. அந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் ஆசுபத்திரி வாசலில் நின்று, றம்லாவும் தாயும் வெளியே வரும்போது "எவ்வளவு?" என்று கேட்டார். பிறஷர் இறங்கியே இருந்தது. அது குளிசையாலா, உப்பைக் குறைத்ததாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆறாவது மாதம் கடிதம் வந்தது. குளிசை சரியான மருந்து, அளவும் சரி என்று இரண்டே வரி. மூத்ததம்பி அதைத் தபாற்கந்தோர் வாசலில் நின்றே வாசித்தார், மடித்தார், திரும்ப விரித்து வாசித்தார். பிறகு சைக்கிளை உதைத்துக்கொண்டு றம்லா வீட்டுக்குப் போனார்.

ரீச்சரின் தாய் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தா. றம்லா கடிதத்தை வாசித்துச் சிரித்தா. "அல்ஹம்துலில்லாஹ்! இனியாவது கொஞ்சம் இருங்க ஐயா, தேத்தண்ணி குடிங்க."

அவர் உட்கார்ந்தார். உண்மையாகவே உட்கார்ந்தார், முதுகைக் கதிரையில் சாய்த்து. தேத்தண்ணி வந்தது. அரைவாசி குடித்த பிறகு சும்மா கேட்பதுபோல், "அந்தப் பை இன்னும் இருக்குதோ?" என்றார்.

"அது போன மாசமே முடிஞ்சிது. அந்தக் கடையில இல்லையாம். இப்ப வேற இடத்தில வாங்கினது. இது றோசா நிறம்."

மூத்ததம்பி கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அதை ஒருக்காக் கொண்டு வாங்கோ பிள்ளை, பாப்பம்."